எங்கள் வீட்டுக்கு வந்த ஆம்புலன்ஸ் குழுவினர் மூவருக்கும் அந்தத் தாதிக்கும் நன்றி

வணக்கம். உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. சட்டையில் இருந்திருக்கும், அந்த நேரத்தில் பார்க்கத் தோன்றவில்லை. சிங்கப்பூர் ஈசூனில், ஒன்பதாவது மாடி வீட்டில், கைலியோடு சோபாவில் சாய்ந்து கிடந்த பெரியவரை நினைவிருக்கிறதா? அவர் என் அப்பா. போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் கீழ்த்தளம் வரை மெதுவாக நடந்து போய் வருகிறார். இதை முதலில் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அன்று விடியற்காலை ஐந்தரை இருக்கும். "வாயுதாம்மா, கொஞ்சம் ஓமத்தண்ணி கொடு" என்றார் அப்பா. முகமெல்லாம் வியர்வை. அவசர ஆம்புலன்ஸுக்கான 995-ஐ அழைத்தேன். எதிர்முனையில் பேசிய பெண்மணி ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. மூச்சு விடுகிறாரா, பேசுகிறாரா, வலி கைக்குப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டைத் திறந்து வையுங்கள், மின்தூக்கி அருகே யாரையாவது நிற்கச் சொல்லுங்கள் என்றார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்காரப் பெரியம்மாவை அப்படித்தான் அழைப்போம்) தொழுகைத் துணியோடு ஓடிவந்து மின்தூக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மக்சிக், உங்களுக்கும் என் நன்றி.

பிறகு நீங்கள் மூவரும் வந்தீர்கள். துணை மருத்துவராக வந்த சீனப் பெண் அப்பாவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். இசிஜி எடுக்க நெஞ்சில் ஒட்டும் வில்லைகள் வியர்வையில் நிற்கவே இல்லை. துண்டால் துடைத்து ஒட்டுவார், நழுவும், திரும்பத் துடைப்பார். மூன்று முறை இப்படி. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அப்பாவுக்கு அந்த வலியில் ஆங்கிலம் வரவில்லை. கட்டாய தேசிய சேவையில் இருக்கும் தமிழ்ப் பையன்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். "தாத்தா, மெதுவா மூச்சு விடுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று அவன் சொன்னதும் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் ஏறும் வரை விடவே இல்லை. அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது.

இசிஜி தாளைப் பார்த்ததும் அந்தப் பெண் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார். இசிஜியை அங்கிருந்தே மருத்துவமனைக்கு அனுப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இதய மருத்துவக் குழு ஆயத்தமாக நின்றதற்கு அதுதான் காரணம் என்று பிறகு டாக்டர் விளக்கினார். அடைபட்ட குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். அப்பாவின் சிகிச்சை எங்கள் வரவேற்பறையிலேயே தொடங்கிவிட்டது என்று இப்போது புரிகிறது.

வண்டியில் என்னை முன்னிருக்கையில் உட்கார வைத்தீர்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் பையில் உறை பிரிக்காத பன்னும் ஒரு மைலோ பாக்கெட்டும் இருந்தன. நான் உட்கார இடம் வேண்டுமென்று ஓட்டுநர் அண்ணன் அதை எடுத்து ஓரமாக வைத்தார். முன்னிரவில் வாங்கியதாம். 12 மணி நேரப் பணி, எட்டு மணிக்குத்தான் முடியுமாம். குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அப்பாவை ஒப்படைத்துவிட்டு நீங்கள் தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அடுத்த அழைப்பு வந்துவிட்டது. அந்தப் பன்னை யாராவது சாப்பிட்டீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

995 ஆம்புலன்ஸ்களை நடத்தும் குடிமைத் தற்காப்புப் படைக்கு 2024-இல் ஏறக்குறைய 245,000 அவசர மருத்துவ அழைப்புகள் வந்தன. நாளொன்றுக்குச் சுமார் 670. செய்தியில் படித்தபோது அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இப்போது அப்படிப் போக முடியவில்லை. பணிக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரமாவது இவர்களுக்கு உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம் பங்குக்கும் ஒன்று உண்டு. உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில் வண்டி வேண்டுமென்றால் அதற்கு 1777 இருக்கிறது. தயவுசெய்து 995-ஐ நெஞ்சுவலிக்காரருக்கு விட்டு வையுங்கள்.

அப்புறம், அவசரப் பிரிவில் இருந்த தாதிக்கு. காத்திருந்த ஒருவர் உங்களைக் கை நீட்டித் திட்டினார். யாருடைய நிலை மோசமோ அவரைத்தான் முதலில் பார்க்க முடியும் என்று நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். அவருக்கு முன்னால் உள்ளே போனவர் என் அப்பா. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து என்னிடம் வந்து, மதுரைப் பக்கத் தமிழில், "அக்கா, ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டீர்கள். உங்கள் கண் சிவந்திருந்தது. சுகாதாரப் பணியாளர்களில் மூவரில் இருவர் ஓராண்டில் வசவையோ தொல்லையையோ அனுபவித்திருக்கிறார்கள் அல்லது நேரில் பார்த்திருக்கிறார்கள் என்று 2023-இல் சுகாதார அமைச்சும் மருத்துவமனைகளும் தொழிற்சங்கமும் சேர்ந்த முத்தரப்புப் பணிக்குழு ஒன்று சொன்னது. இனி என் கண்ணெதிரில் அப்படி நடந்தால் எழுந்து நிற்பேன். இதை உங்களுக்குத் தரும் வாக்காகவே எழுதுகிறேன்.

நீங்கள் பரிசு எதுவும் வாங்கக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன். முறுக்கு கொடுத்தால்கூடவா என்று கேட்டார். கூடாது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அந்தத் தம்பி கைய ரொம்ப அழுத்திப் பிடிச்சிட்டேன், வலிச்சிருக்கும். அதையாவது எழுதும்மா" என்றார்.

எழுதிவிட்டேன், தம்பி.