அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் வரவில்லை

பட்டிமன்றக் குழுவினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை நம் சமூக மன்றத்தில் நீங்கள் நடத்திய 'சிறையில் உண்ணாவிரதம்: வீரமா, வீம்பா?' பட்டிமன்றத்துக்கு வந்திருந்தேன். நல்ல கூட்டம். (பட்டினியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் உருகிய கையோடு இடைவேளையில் எல்லாரும் வடைக்கு முண்டியடித்தோம். நானும் இரண்டு எடுத்தேன்.)

என் வருத்தம் வேறு. கடைசியில் உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பெண் எழுந்து, "உள்ளே பூட்டிவைத்த இடத்தில் பட்டினி கிடந்தால் வெளியே யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். நடுவர் ஒரு சிரிப்புத் துணுக்கைச் சொல்லி, நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார். இரண்டு அணியும் தொடாத இடமே அதுதானே!

பகத்சிங்கின் தோழர் ஜதீன் தாஸை ஆளுக்கு ஒருமுறை இழுத்தீர்கள். லாகூர் சிறை, 63 நாள் பட்டினி, 1929 செப்டம்பர் 13இல் மரணம். சரி. அவரும் பகத்சிங்கும் கேட்டது என்ன? தின்னக்கூடிய சோறு, படிக்கச் செய்தித்தாள், ஐரோப்பியக் கைதிகளுக்குக் கிடைத்த அதே மரியாதை. குண்டு வீசுவதைப் பிடிக்காதவரும் இதைத் தப்பென்று சொல்ல முடியாது. மத்திய சட்டமன்றத்தில் ஜின்னா எழுந்து அவர்களுக்காக வாதாடினார். வழக்கு நடந்துகொண்டிருந்ததால் பட்டினி கிடந்தவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் எழுதினார்கள், பேசினார்கள். கடைசியில் தாஸின் உடலை ரயிலில் கொல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். வழியெங்கும் நிலையங்களில் மக்கள் வெள்ளம். பூட்டிய அறைக்குள் நடந்ததை ஊர் ஊராகக் காட்டியது அந்த ரயில்.

வட அயர்லாந்தில் 1981இல், பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்து மேஸ் சிறையில் அடைபட்டுப் பட்டினி கிடந்த கைதிகள் சிகரெட் சுற்றும் தாளில் பொடி எழுத்தில் எழுதி, பார்க்க வந்தவர்களிடம் ஒளித்துக் கொடுத்தனுப்பினார்கள். சொந்த உடை, சிறை வேலை செய்யாதிருக்கும் உரிமை என்று ஐந்தே கோரிக்கைகள். அவர்களில் ஒருவரான பாபி சாண்ட்ஸ் சிறையிலிருந்தபடியே பிரிட்டிஷ் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் முப்பதாயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். பட்டினியின் 66ஆம் நாள் இறந்தார். துப்பாக்கியை ஆதரிக்கத் தயங்கியவர்களுக்கு ஒரு உயிரைக் காப்பாற்ற ஓட்டுப் போடுவதில் தயக்கமில்லை. அந்தக் கைதிகளின் பக்கம் நின்ற சின் ஃபெய்ன் கட்சி தேர்தல் பாதையில் இறங்கத் துணிந்தது அதற்கப்புறம்தான்.

அதே அயர்லாந்துத் தீவின் தெற்கில், 1923இல் ஆயிரக்கணக்கான கைதிகள் ஒன்றாகப் பட்டினி கிடந்தும் போராட்டம் சில வாரங்களில் சரிந்தது. உள்நாட்டுப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சிறைக் கதவைப் பூட்டியிருந்தது அவர்களுடைய சொந்த அரசாங்கம். இதை எதிரணி எடுத்துப் பேசியிருந்தால் அன்று மேடை சூடு பிடித்திருக்கும்.

அடுத்த முறை தலைப்பை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெண்ணுக்கு முதல் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். அவள் பெயரை நாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கூட வந்த ஆசிரியையைக் கேட்டால் சொல்வார்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு பார்வையாளர்