ஆடுகளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் வேண்டும்: கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், விளையாட்டுக் குழுவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் பெற்றோரின் கைக்கு வரும் விளையாட்டுப் பங்கேற்பு விதிமுறைக் கையேட்டை எடுத்துப் பார்த்தால், அதன் முதல் பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டது, விளையாட்டு அன்பையும் பணிவையும் கூட்டுணர்வையும் வளர்க்கும் களம், வெற்றியைவிட நேர்மை பெரிது என்றெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் குறைந்தபட்ச மதிப்பெண், அணித் தேர்வு, கட்டணம், கடைசியாக 'யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்பதில் பயிற்சியாளரின் முடிவே இறுதியானது' என்ற வரி ஆகியவை வரிசையாக வந்து நிற்கும். முதல் பக்கத்தை எழுதியவரும் இரண்டாம் பக்கத்தை எழுதியவரும் சந்தித்துக்கொண்டதே இல்லையோ என்ற ஐயம் வாசிப்பவருக்கு எழுவது இயல்பு. இந்த மடலின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: தொடக்க வகுப்புகளில் அணியில் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு போட்டியிலும் ஆடும் நேரம் உண்டு என்பதை எழுதப்பட்ட விதியாக்குங்கள், அந்த நேரத்தை மதிப்பெண்ணைக் காட்டிப் பறிக்காதீர்கள்.

முதலில் ஆடும் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போட்டி முடிந்து பிள்ளைகள் திரும்பும் வண்டியில் எல்லாருடைய சட்டையும் மண்ணும் வியர்வையுமாக இருக்க, காலையில் தேய்த்துப் போட்ட மடிப்புக் கலையாத சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தப் பிள்ளை வாரம் தவறாமல் பயிற்சிக்கு வந்ததுதான். கூம்புகளை அடுக்கியதும் பந்துகளைப் பையில் கட்டியதும் அதுதான். 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று அதனிடம் சொல்லும் பயிற்சியாளர் கெட்டவர் அல்லர். ஆட்டம் நெருக்கமாகப் போகும்போது கடைசி நிமிடங்களில் மனிதர் யாராயினும் திறமையானவர்களையே களத்தில் வைத்திருக்க விரும்புவார். அதனால்தான் இதை அவருடைய நல்ல மனத்துக்கு விட்டுவிடக் கூடாது, விதியாக எழுத வேண்டும் என்கிறேன்.

எழுதுவதும் கடினமன்று. கூடைப்பந்தில் 4 கால்பகுதிகள். ஒவ்வொன்றிலும் களத்தில் 5 பேர். ஆக ஒரு போட்டியில் 20 இடங்கள். அணியில் 10 பேர் இருந்தால் ஆளுக்கு 2 கால்பகுதிகள் வந்துவிடும். 12 பேர் என்றால் 8 பேருக்கு இரண்டும் 4 பேருக்கு ஒன்றுமாக வரும். இம்முறை ஒன்று மட்டும் ஆடிய நால்வருக்கு அடுத்த போட்டியில் இரண்டு என்று எழுதி வைத்தால் கணக்கு சரியாகிவிடும். ஸ்கோர் எழுதும் தாளிலேயே பெயருக்கு எதிரே நான்கு கட்டங்கள் போட்டு, ஆடிய பகுதியில் ஒரு குறியிட்டால் போதும். கால்பந்திலும் இதே முறையைப் பாதிப் பாதியாகப் பிரித்துச் செய்யலாம்.

'அப்படிச் செய்தால் தோற்றுவிடுவோமே' என்ற மறுப்பு வரும். சில போட்டிகளில் தோற்கத்தான் செய்வோம். ஆனால் எட்டு வயதில் 'திறமை' என்று நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் எதை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே ஏறத்தாழ ஓராண்டு வயது வேறுபாடு இருக்கலாம். எட்டு வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. வயது வரம்புத் தேதிக்குச் சற்றுப் பின்னர் பிறந்து அந்தப் பிரிவில் மூத்தவர்களாக இருப்பவர்களே இளையோர் அணிகளில் அதிகமாகத் தேர்வாகிறார்கள் என்பதை ஐஸ் ஹாக்கி, கால்பந்து முதலிய ஆட்டங்களில் 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் சுட்டிவருகிறார்கள். அதாவது நாம் பல நேரங்களில் பிறந்தநாளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறோம். உட்கார வைக்கப்பட்ட பிள்ளை வளர்ந்து உயரும் முன்பே விளையாட்டை விட்டுப் போய்விடுகிறது. நார்வே நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு சிறார் விளையாட்டுக்கென 1987லேயே தனி விதிகளை வகுத்தது. இன்றைய நிலையில் அங்கே பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டுக்கு முன் தரவரிசைப் பட்டியல்களோ முடிவுப் பட்டியல்களோ வெளியிடப்படுவதில்லை. அந்நாடு குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களை அள்ளுவதற்கு அது தடையாக இருக்கவில்லை.

திருத்தூதர் பவுலை மேற்கோள் காட்டி வெற்றியை முன்னிறுத்துவோரும் உண்டு. பந்தயத்தில் பலர் ஓடினாலும் பரிசு பெறுபவர் ஒருவரே என்று கொரிந்தியருக்கு அவர் எழுதியது உண்மைதான். கொரிந்து நகரை அடுத்து ஈராண்டுக்கு ஒருமுறை நடந்த இஸ்துமியப் போட்டிகள் என்ற பண்டைய கிரேக்க விளையாட்டு விழாவை அந்த மக்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆனால் அதற்கு அடுத்த வசனத்திலேயே, அவர்கள் ஓடுவது அழியும் வாகைக்காக, நாம் ஓடுவதோ அழியாத வாகைக்காக என்று பவுல் வேறுபடுத்திவிடுகிறார். முதல் வசனத்தை மட்டும் சுவரில் எழுதிவைப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

இனி, மதிப்பெண் விதி. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால், அல்லது வீட்டுப்பாடம் நிலுவையில் இருந்தால், பயிற்சியும் இல்லை, போட்டியும் இல்லை என்பது பல பள்ளிகளில் கேள்வியின்றித் தொடரும் நடைமுறை. படிப்பே முதன்மை என்பதைப் பிள்ளைக்கு உணர்த்துவது இதன் நோக்கம் என்பார்கள். பருவ வயதை எட்டிய மேல்வகுப்பு மாணவருக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். கூட்டெழுத்துகளோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அது வேறொன்றையே உணர்த்துகிறது. வகுப்பறையில் பின்தங்கிய அந்தப் பிள்ளைக்குத் தன்னால் முடியும் என்று தோன்றிய ஒரே இடம் மைதானமாக இருந்திருக்கலாம். அதையும் மூடிவிட்டால் மதிப்பெண் ஏறிவிடும் என்பதற்கு அடிப்படை என்ன? உடலியக்கத்தைப் படிப்புக்கான பரிசாகக் கருதும் எண்ணமே இதன் வேர். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் நன்கு உழைக்கும்படி இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கூறுகிறது. நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதில் எந்த நிபந்தனையும் இல்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 795ஆம் சட்டத்தில், சிறாரின் உடல், ஒழுக்கம், அறிவு ஆகிய ஆற்றல்கள் மூன்றும் இசைவாக வளரும்படி கல்வி அமைய வேண்டும் என்கிறது. ஒன்று வளரவில்லை என்பதற்காக இன்னொன்றை வெட்டிவிடச் சொல்லவில்லை.

இந்த இடத்தில், ஏழைச் சிறுவர்களின் கல்விக்காக உழைத்த குருவான புனித தொன் போஸ்கோ 1884 மே 10 அன்று உரோமையிலிருந்து, தாம் நடத்திய சிறுவர் இல்லத்தில் இருந்தோருக்கு எழுதிய மடலை நினைவூட்டுவது மிகையாகாது. பழைய நாள்களின் மைதானத்தையும் பிந்தைய நாள்களின் மைதானத்தையும் அவர் அதில் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார். முன்னதில் சிறுவர்கள் ஓடி ஆடிக் கூச்சலிட, பொறுப்பாளர்களும் அவர்களோடு கலந்து விளையாடுகிறார்கள். பின்னதில் சிறுவர்கள் சோர்ந்துபோய்த் தூண்களில் சாய்ந்து நிற்க, பொறுப்பாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்ததைப் பெரியவர்கள் நேசித்தால், பிள்ளைகளுக்கு இயல்பாகப் பிடிக்காத படிப்பையும் ஒழுங்கையும் தன்னடக்கத்தையும் நேசிக்க அவர்களும் கற்றுக்கொள்வார்கள் என்பதே அம்மடலின் சாரம். நம் மதிப்பெண் விதி இதை அப்படியே தலைகீழாக்குகிறது. வீட்டுப்பாடம் நிலுவையில் உள்ள பிள்ளையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, பயிற்சியாளரோ ஒரு தன்னார்வலரோ பக்கத்தில் உட்கார்ந்து அதை முடிக்க வைப்பது தொன் போஸ்கோவின் மடலுக்கு நெருக்கமான வழி. அதற்கு ஆள் வேண்டும் என்பது உண்மை. தடை விதிக்க ஆள் வேண்டியதில்லை என்பதாலேயே அது எளிதாகத் தோன்றுகிறது.

ஒழுங்கு நடவடிக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிரணிப் பிள்ளையை வேண்டுமென்றே தள்ளியவரை, நடுவரைப் பழித்தவரை வெளியே உட்கார வைப்பது முறைதான்; தவறு நிகழ்ந்த இடத்திலேயே தீர்வும் இருக்கிறது. காரணமின்றிப் பயிற்சிக்கு வராதவரின் நேரத்தைக் குறைப்பதும் அப்படியே. உடல்நலக் குறைவால் அன்று பள்ளிக்கு வராத பிள்ளை அன்று ஆடக் கூடாது என்ற விதியில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தால், அதே நாளில் மீண்டும் களத்தில் இறக்குவதில்லை என்பதை எந்த விதிவிலக்கும் இல்லாமல் எழுதுங்கள். பெற்றோர் கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெற்றோர் என்றதும் எங்கள் பக்கத்தையும் பேசியாக வேண்டும். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று 'அடி', 'விடாதே', 'என்ன நடுவர் இவர்' என்று கத்தும் குரல்கள் எங்களுடையவை. விளையாட்டைப் பற்றித் திருப்பீடம், அதாவது வத்திக்கானில் உள்ள திருச்சபையின் தலைமை, 2018 ஜூன் 1 அன்று வெளியிட்ட ஆவணம், ஊக்கமருந்து, ஊழல், உடலை வெறும் கருவியாக்கி இழிவுபடுத்துதல் ஆகியவற்றோடு பார்வையாளர்களின் நடத்தையையும் விளையாட்டின் சவால்களுள் ஒன்றாக வைத்திருப்பது தற்செயல் அன்று. ஆனால் நடத்தை நெறியில் கையொப்பம் வாங்கிக் கோப்பில் வைப்பதோடு பள்ளியின் கடமை முடிந்துவிடுகிறது. மீறுபவரை யார், எப்போது, எவ்வாறு வெளியே போகச் சொல்வார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பொறுப்பைப் பயிற்சியாளரின் தலையில் ஏற்றாதீர்கள். பெரும்பாலும் அவரும் இன்னொரு பிள்ளையின் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார்.

கட்டணம் பற்றி நீட்ட வேண்டியதில்லை: கட்ட இயலாத குடும்பம் காரணம் சொல்லாமலே விலக்குப் பெற வழி இருக்க வேண்டும். ஞாயிறு காலைத் திருப்பலி நேரத்தில் போட்டிகளை வைத்துவிட்டு முதல் பக்கத்தில் நம்பிக்கை வாழ்வைப் பற்றி எழுதுவது பிள்ளைகளுக்கே வேடிக்கையாகத் தெரியும். போட்டிக்கு முன் நடக்கும் செபத்தில் பிற சமயப் பிள்ளைகள் மரியாதையோடு நின்றால் போதும் என்பதையும் ஒரு வரியில் தெளிவுபடுத்திவிடலாம்.

இறுதியாக ஒரு நடைமுறை வேண்டுகோள். சிறாரைப் பாதிக்கும் விவகாரங்களில் அவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைத் திருப்பீடம் 1990லேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே திருத்திய விதிமுறைகளின் வரைவைப் பெற்றோருக்கு மட்டுமன்றி 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டி அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்ததும், யார் எத்தனை கால்பகுதிகள் ஆடினார்கள் என்ற தாள்களை விளையாட்டுக் குழுவின் கூட்டத்தில் கோப்பைகளோடு சேர்த்து மேசையில் வையுங்கள். அந்தத் தாள்களை எழுத ஆள் தேவைப்பட்டால் பெற்றோரிடம் கேளுங்கள்; முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவரின் பெற்றோர்