கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பங்குனி பிறந்துவிட்டால் கொழும்பில் இருவர் சந்தித்தாலும் முதற்பேச்சு வெக்கையைப் பற்றியதாகவே இருக்கிறது. கோயில் வாசலிலும் பஸ்ஸிலும் மருந்துக்கடையிலும் அதே முறைப்பாட்டைத்தான் கேட்கிறேன். அது பொய்யான முறைப்பாடு என்று நான் சொல்லவில்லை. ஏப்ரல் முற்பாதியில் சூரியன் இத்தீவுக்கு நேர் உச்சியாக நகர்ந்து செல்லும் நாட்களில் மின்விசிறி கூட அனற்காற்றைத்தான் வீசுகிறது. ஆயினும் வெள்ளவத்தையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் முப்பது ஆண்டுகளை நெருங்கி வாழ்ந்துவிட்டவள் என்ற முறையில், இந்த வெப்பமான கரையோரம் எங்களுக்கு நாள் தவறாமல் அள்ளித் தருபவற்றைப் பற்றியும் தங்கள் பத்திரிகையில் நான்கு வார்த்தை எழுதப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். அவற்றில் சில எங்கள் கண்முன்னே கைநழுவிப் போய்க்கொண்டிருப்பதும் இதனை எழுதத் தூண்டிய காரணமாகும்.

எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலோர வீதியான மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வேப்பிலை கூட அசையாது. கழுத்தில் வேர்வை வழியும். பத்தரை, பதினொரு மணியளவில் மேற்குப் பக்கத்து யன்னலின் திரைச்சீலை மெல்ல உப்பும். சற்று நேரத்தில் அது அறைக்குள் நன்றாக எழுந்து, அம்மாவின் கட்டில் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பும். எண்பத்தெட்டு வயதான அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கலாகிவிட்டது. ஆனாலும் சீலையின் ஓசையைக் கேட்டதும், "காத்து வந்திட்டுது, பிள்ளை" என்பார். விசிறியை நிறுத்தச் சொல்வதும் அந்த நேரத்தில்தான்.

இந்தக் காற்று வீசும் முறையை நான் பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் படிப்பித்திருக்கிறேன். வெயிலில் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடல் அவ்வளவு விரைவாகச் சூடேறுவதில்லை. தரைமேல் உள்ள காற்று இலேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. இரவில் தரை முந்திக் குளிர்ந்துவிடுவதால் காற்று திசைமாறிக் கரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. இயந்திரப் படகுகள் வருவதற்கு முன்னர் எங்கள் மீனவர்கள் விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பகலில் கடற்காற்றோடு திரும்பியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளங்கப்படுத்திய அதே காற்று, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் எனக்கு இன்று நாளின் நடுப்பகுதியைத் தாங்கக்கூடியதாக ஆக்கித் தருகிறது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், "உங்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே காலநிலைதானே" என்று கேட்பதுண்டு. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்பது உண்மைதான். ஆனால் கரையில் வாழ்பவர்களுக்குக் காற்றின் திசையும் கடலின் குரலும் மாறும்போது பருவம் மாறிவிட்டது தெரியும். நான் பிறந்த பருத்தித்துறையில் தென்மேற்கிலிருந்து வீசுவதைச் சோளகம் என்றும், வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றும் சொல்வோம். அந்தச் சொற்களைக் கொழும்புக்கும் கொண்டுவந்தோம். அவை இங்கும் பொருந்தி நிற்கின்றன. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகம் வீசும்போது கடல் இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். புகையிரதப் பாதைக்கு அணையாகப் போட்ட கற்களில் அலை மோதித் தெறிக்கும் துளிகள் பயணிகளின் முகத்தையும் நனைக்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியும் மழையும் வந்து, மாலையைக் கழுவித் துடைத்து வைத்தது போல ஆக்கிவிடும். டிசம்பர் பிறந்ததும் இதே கடல் குளம் போலக் கிடக்கும். மார்கழி, தை மாதங்களின் விடிகாலையில் வெப்பநிலை 22 பாகையளவுக்கு இறங்குவதால், திருவெம்பாவைப் பூசைக்குப் போகும் வயதானவர்கள் தோளில் சால்வை போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் எங்களுக்குக் குளிர்.

பட்டம் விடும் காலத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. வடமராட்சியில், குறிப்பாக வல்வெட்டித்துறையில், தைப்பொங்கலை ஒட்டி வாடைக்காற்றில் பட்டங்கள் எழும். கொழும்பிலோ ஓகஸ்ட் மாதச் சோளகத்தில்தான் காலிமுகத்திடலின் வானம் பட்டங்களால் நிறைகிறது. இரண்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஆண்டில் இரண்டு பட்டக் காலங்கள் வாய்க்கின்றன.

மீனைப் பற்றிச் சொல்லாமல் கரையோர வாழ்வைப் பற்றி எழுத முடியாது. எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் நீர்கொழும்புப் பக்கத்தவர். சிங்களமும் தமிழும் அவர் வாயில் ஒரே மொழி போல வரும். பெட்டியைத் திறந்து, ஐஸ் துண்டுகளைக் கையால் விலக்கி, மீனின் செவுளை விரலால் தூக்கி உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டிய பிறகுதான் விலையைச் சொல்வார். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் பெட்டி நிறைந்திருக்கும். சோளகத்தில் படகுகள் கரையில் கிடக்கும்போது விலை ஏறும். அறுக்குளா எங்கள் வீட்டுக்கு எப்போதாவது ஒரு நாள் வரும் விருந்தாளி. சாளையும் நெத்தலியும்தான் அன்றாடம். மேல்மாடியில் இருக்கும் சிங்கள அம்மையார் கொறக்காய் போட்டு வற்றவைத்த சூரை மீனில் ஒரு கிண்ணம் எங்களுக்கு வரும். எங்கள் பழப்புளிக் குழம்பில் ஒரு கிண்ணம் மேலே போகும். இரு வீட்டுக் கிண்ணங்களும் இப்போது கலந்துவிட்டன; எது யாருடையது என்று இருவருமே பார்ப்பதில்லை.

உப்புக்காற்று எங்கள் யன்னல் கம்பிகளையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தையும் அரித்துத் தின்பதும் உண்மை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டித் துரு நீக்கி வர்ணம் பூசுகிறோம். அந்தச் செலவை நான் பெரிதாக எண்ணியதில்லை.

நம் முன்னோர் நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதாக எற்பாட்டை, அதாவது சூரியன் சாயும் வேளையை, வகுத்து வைத்தார்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சூரியன் கடலிலிருந்து எழும். மேற்குக் கரையில் இருக்கும் எங்களுக்கு அது கடலுக்குள் இறங்குகிறது. நவம்பரில் 5.45 மணியை ஒட்டியும் ஜூலையில் 6.30 மணியை ஒட்டியும் அது நிகழ்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணித்தியால வேறுபாடு கூட இல்லாததால், வேலை முடித்து வருபவருக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் அந்திவேளை எந்த மாதத்திலும் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. மரைன் டிரைவில் அந்த நேரத்தில் நடந்து பார்த்தால், பிரத்தியேக வகுப்பு முடிந்து புத்தகப்பையோடு நிற்கும் பிள்ளைகளையும், தொப்பி அணிந்த முதியவர்களையும், புதிதாக மணமானவர்களையும், கச்சான் சுருளைப் பகிர்ந்து கொறிக்கும் கடைச் சிப்பந்திகளையும் காணலாம். எல்லோருடைய முகமும் ஒரே திசையில் இருக்கும்.

கனடாவில் இருக்கும் என் தம்பி ஒரு டிசம்பரில் குடும்பத்தோடு வந்திருந்தான். ஏழு வயது மகளை முதல் நாள் மாலையில் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். செருப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு மணலில் இறங்கியவள், திரும்பி வந்து, "மாமி, இதுக்கு ரிக்கற் எடுக்கத் தேவையில்லையா?" என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். நாளைக்கும் வரலாமா என்று கேட்டாள். அடுத்து வந்த பதினேழு நாட்களும், மழை கொட்டிய ஒரு நாளைத் தவிர, நாங்கள் கடலுக்குப் போனோம்.

காலிமுகத்திடலில் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்குள்ள நடைபாதை 1856ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு 1859இல் நிறைவடைந்ததாகவும், கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நலன் கருதி அதைத் தமக்குப் பின் வருவோரின் பொறுப்பில் விடுவதாகவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நிய ஆட்சியாளர் ஒருவர் எழுதியதென்றாலும் அந்த வாசகத்தை நான் மதிக்கிறேன். கடற்கரையில் நடப்பது இந்நகர மக்களுக்கு உரியது என்பதையும், அதைப் பாதுகாப்பது பின் வருவோரின் கடமை என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு திடலின் வடபுறத்தில் துறைமுக நகரத்துக்காகக் கடலில் 269 ஹெக்டேயர் நிலம் நிரப்பப்பட்டு, முன்பு வெறும் நீர்விளிம்பைப் பார்த்த இடத்தில் இன்று நிலத்தைப் பார்க்கிறோம். மாலையில் இறால் பதித்த இஸ்ஸோ வடைக்கும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க்கும் கூடும் கூட்டம் மட்டும் குறையவில்லை.

கடல் எங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை 2021ஆம் ஆண்டில் நான் நேரில் உணர்ந்தேன். அவ்வாண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் தீப்பற்றி எரிந்து, ஜூன் மாதத் தொடக்கத்தில் மூழ்கியது. அதில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. பெருந்தொற்றுக் காலப் பயணக் கட்டுப்பாடு தளர்ந்ததும் நான் மணலில் இறங்கி, ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பருப்பை விடச் சிறிய வெள்ளை மணிகள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு நின்றன, ஊதினாலும் போகவில்லை. மீன்பிடி தடைப்பட்டதால் எங்கள் மீன்காரர் பல வாரங்கள் வரவேயில்லை. ஒழுங்கையில் அவருடைய ஹோர்ன் சத்தம் இல்லாத அந்தக் காலைகளை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது எங்களுக்கு நேர்ந்துகொண்டிருப்பது அவ்வளவு பெரிய விபத்து அல்ல. சிறிது சிறிதாக நடப்பதால் ஒருவரும் பேசுவதில்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் நேர்க்கோடாகக் கடலை நோக்கிப் போகின்றன. கடற்காற்று ஊருக்குள் ஏறி வரும் வாய்க்கால்கள் அவைதாம். அவற்றின் முனைகளில் தொடர்மாடிகள் ஒன்றையொன்று ஒட்டி எழ எழ, பின்னால் உள்ள தாழ்ந்த வீடுகளுக்குக் காற்று போவது குறைகிறது. காலி வீதிக்குக் கிழக்கே இருக்கும் என் சிநேகிதி வீட்டில் முன்பு பகலில் விசிறி போட்டதில்லை. இப்போது அவர் குளிரூட்டிக்கு மின்கட்டணம் கட்டுகிறார். தொடர்மாடியில் குடியிருக்கும் நான் தொடர்மாடிகளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரு கட்டடங்களுக்கு இடையில் காற்றுக்கு வழி விடுவதையும் அனுமதி வழங்கும்போது கணக்கில் எடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மணலுக்கு இறங்குவதற்குப் புகையிரதத் தண்டவாளத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்பதும் கவலைக்குரியது. வளைவில் திரும்பி வரும் புகையிரதத்தின் ஓசை அலையோசையில் அமுங்கிவிடுகிறது. பிள்ளைகளும் முதியவர்களும் கடக்கும் இடங்களில் எச்சரிக்கை மணியும் படிக்கட்டும் இருந்தால் எவ்வளவோ நிம்மதி. கால்வாய் கடலில் விழும் இடத்தில் குவியும் போத்தல்களையும் பைகளையும் பற்றித் தங்கள் பத்திரிகை முன்னரே எழுதியிருப்பதால் அதை நான் மீண்டும் விரிக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையின் கடல்முனையில் ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. அம்மா நடக்கக்கூடியதாக இருந்த காலம் வரைக்கும் நாள்தோறும் மாலையில் அதில் உட்கார்ந்துதான் அக்கம்பக்கத்துச் செய்தியெல்லாம் அறிந்துகொண்டார். ஒரு கட்டட வேலைக்காக அதை உடைத்து அகற்றினார்கள். வேலை முடிந்து இரண்டு ஆண்டுகளாகியும் கல்லும் மண்ணும் அங்கேயே குவிந்து கிடக்கின்றன, வாங்கு திரும்பி வரவில்லை. அம்மாவை இனிச் சக்கர நாற்காலியில்தான் அழைத்துப் போக வேண்டும். பொறுப்பானவர்கள் அந்தக் குவியலை அகற்றி, நாற்காலி உருளக்கூடிய நான்கடி அகலப் பாதையைத் திறந்துவிட்டால் போதும். சீலை அசையும் ஓசையில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் காற்றை அவர் முகத்தில் வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06