மதகுக் கல்லும் ஒரு கொப்பியும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. முழங்காலுக்கு நீ சொன்ன எண்ணெயைப் பூசிப் பார்த்தேன், மணம்தான் மிச்சம். வீட்டில் எல்லோரும் சுகம்.

"பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது பொழுதுபோக்கு, படிப்பு வகுப்பில்தான்" என்று எழுதியிருந்தாயே, ஓய்வுபெற்ற அதிபர் வேறெப்படி எழுதுவார்? அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், இடையில் பேர்த்திக்குப் பாடசாலை விடுமுறை வந்தது. கொழும்பு நூதனசாலைக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். போனோம்.

1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம் நம் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் நம்மை வரிசையாக நடத்திக்கொண்டு போனது ஞாபகமா? ஒவ்வொரு விளக்கப் பலகையையும் கொப்பியில் எழுதினால்தான் பஸ்ஸில் ஏறலாம் என்று கட்டளை. கண்டி அரசனின் சிம்மாசனம் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது என்பது இன்றும் மண்டையில் இருக்கிறது. சிம்மாசனத்தைப் பார்த்த ஞாபகம்தான் துளியும் இல்லை. நான் பார்த்தது பலகையை மட்டும் போலும்.

பேர்த்தி பலகை ஒன்றையும் வாசிக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தவள் காலி நகரில் கிடைத்த ஒரு கல்வெட்டின் முன்னால் நின்றுவிட்டாள். "அப்பப்பா, இது தமிழா?" என்று கேட்டு, தேய்ந்த எழுத்துகளுக்குள் ஒரு 'க'வைத் தேடிப் பிடித்தாள். பக்கத்தில் ஒரு சீனப் பெண், காற்றில் விரலை மேலிருந்து கீழே இழுத்துத் தன் எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இவளுக்கு ஆச்சரியம். ஒரே கல்லை இரண்டு பேரும் வாசிக்கிறார்களாம்!

அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். செங் ஹ என்ற சீனக் கடற்படைத் தளபதி 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு இங்கே நிறுத்திய கல் இது. சீன மொழியில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்று திருமாலுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என மூன்று பேருக்கும் காணிக்கை. 1911இல் கண்டெடுத்தபோது இது ஒரு மதகை மூடிக் கிடந்தது என்றேன். "அப்ப ஆக்கள் மிதிச்சுக்கொண்டு போயிருக்கினமா?" என்று கேட்டவள், அந்தப் பெண்ணிடம் போய்த் தமிழ்ப் பகுதியைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே தன் பகுதியைக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை.

இரவு தாயிடம் கதை முழுவதையும் சொன்னாள். மதகுக்கு மேல் ஒரு மாட்டுவண்டியும் போனதாம். அது அவள் சேர்த்தது, நான் திருத்தவில்லை.

உன் பக்கத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். 1409ஐ நான் எங்கேயோ வாசித்திருந்தபடியால்தான் அவளுக்குச் சொல்ல முடிந்தது. ஆனால் அவள் கேட்டிராவிட்டால் அது என்னோடேயே கிடந்திருக்கும்.

செட்டியார் தெருவில் என் மருமகனின் நகைப் பட்டறையிலும் படிப்பு இப்படி வகுப்பில்லாமல் நடப்பதைத்தான் பார்க்கிறேன். புதிதாக வந்த பொடியனுக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. முதலில் கூட்டிப் பெருக்கித் தூளைச் சேர்ப்பான், பிறகு முடிந்த நகைக்கு மெருகு போடுவான். பொடி வைத்து ஊதிப் பொன்னை ஒட்டுவதைப் பெரியவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். பொன்னை வெட்டும் வேலை கடைசியில்தான். ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவின் தையற்காரர்களிடம் கண்டதும் இதே ஒழுங்குதான்: பொத்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும் முதலில், துணி வெட்டுவது பின்னால். காரணம் எளிது. பொத்தான் பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம், வெட்டு பிழைத்தால் துணி போயிற்று. பொடியனுக்கோ முதல் நாளிலிருந்தே முழு நகை எப்படி இருக்கும் என்று தெரியும். அங்கே பேச்சும் பகிடியும் ஓய்வதில்லை, அதற்குள்தான் தொழிலும் கைமாறுகிறது.

அப்புறம் ஒன்று. ஏழாம் வகுப்பில் என் கொப்பியைப் பார்த்துத்தானே நீ எழுதினாய்? உன்னுடையது இன்னும் இருந்தால் அனுப்பி வை. சிம்மாசனத்தைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன் பழைய கூட்டாளி