காத்மாண்டு பயணம்: பிளஸ் ஒன் பெற்றோர் கவனத்திற்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாம் நல்லபடியாக நடந்தேறின. பிள்ளைகள் பரிசுகளும் வாங்கி வந்திருக்கிறார்கள். விவரம் அறிவிப்புப் பலகையில் உள்ளது.

காத்மாண்டு பயணத்துக்கு வருகிறேன். 'நேபாளத்துக்கு விசாவே வேண்டாமே சார், ஆதார் போதாதா?' என்று பலர் கேட்கிறீர்கள். விசா வேண்டாம் என்பது சரி. ஆதாரைக் காட்டி மீனம்பாக்கத்தில் ஏறி டெல்லி வரை போகலாம், அதுவும் சரி. அதற்கு மேல் அது செல்லாது. 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் நேபாளப் பயணத்தில் ஆதாரை ஏற்கிறார்கள். மற்றவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஓட்டுப் போடும் வயது வரவில்லை. ஆனால் 15 முதல் 18 வயது வரை இன்னொரு வழி உண்டு: அதற்கென உள்ள படிவத்தில் பள்ளித் தலைமையாசிரியர் தரும் அடையாளச் சான்றிதழ்.

சிக்கல் இனிஷியலில்தான். பள்ளிப் பதிவேட்டில் 'செ. கவின்', ஆதாரில் 'கவின் செல்வம்', டிக்கெட்டுக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது 'கவின் எஸ்'. (பாஸ்போர்ட்டில் இனிஷியலே கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும்.) நமக்கு மூவரும் ஒரே பையன். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியில்லை.

மூன்று முறை தகவல் அனுப்பியும் பாதிப் பேருக்கு மேல் அடையாள ஆவண நகல் தரவில்லை. ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் உள்ள பெயருக்கு மட்டுமே சான்றிதழில் கையெழுத்திடுவேன். டிக்கெட்டில் வேறு பெயர் இருந்தால், யார் சிபாரிசுடன் வந்தாலும் மாற்றித் தர மாட்டேன். அந்தப் பிள்ளையை அழைத்துச் செல்லவும் மாட்டோம். டெல்லியில் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டால் ஓர் ஆசிரியரும் கூடவே நிற்க வேண்டும். மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

உங்கள் அலைச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. பாஸ்போர்ட்டே எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உடனே விண்ணப்பியுங்கள். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் பாஸ்போர்ட் மையங்களில் எங்கே நேரம் கிடைத்தாலும் பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும். அன்றைக்கு விடுப்பு உண்டு, ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் பெயர் எழுதிய உறையில் போட்டுக் கொடுத்த பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்துக்கு வாருங்கள். ஜெராக்ஸ் எடுக்க மறந்தாலும் பரவாயில்லை, இங்கேயே எடுத்துக்கொள்கிறோம். அசலை மட்டும் மறக்காதீர்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்