அது ஆகாயத்தாமரை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

நீர்நிலைகளை மூடும் களை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். படத்துக்குக் கீழே 'ஆகாயத்தாமரை' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது வெங்காயத்தாமரை. பேச்சில் எல்லாரும் குழப்பிக்கொள்வதுதான், அதற்காகச் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஆகாயத்தாமரை சித்த மருத்துவத்தில் பயன்படும் மூலிகை. பெயர் மாறினால் பறிக்கிற செடியும் மாறிவிடும். ஆகாயத்தாமரையின் இலை வெளிர்பச்சை, தொட்டால் வெல்வெட். அடுக்கடுக்காக விரிந்து மிதக்கும்; பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வெங்காயத்தாமரை இலையோ வழவழவென்று பளபளக்கும். காம்பு நடுவில் வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். நசுக்கினால் உள்ளே பஞ்சும் காற்றும்தான்.

கட்டுரையில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. அமேசான் பகுதியைச் சேர்ந்த வெங்காயத்தாமரை தானாகக் கடல் தாண்டவில்லை. பூ அழகாக இருக்கிறதே என்று மனிதர்கள்தான் கொண்டுபோனார்கள். அழகுதான், மறுக்க முடியாது. இளம் ஊதாப் பூ, மேல் இதழில் மட்டும் நீலம் சூழ்ந்த மஞ்சள் பொட்டு, அப்படியே மயில்பீலிக் கண். அந்தப் பொட்டுக்கு மயங்கி நானும் தொட்டியில் இரண்டு செடி விட்டேன். சில வாரங்களில் தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. மிஞ்சியதை வாரி வாய்க்காலில் போட்டேன். செடிதானே, மட்கிப்போகும் என்று நினைப்பு!

அது எங்கே மட்கும்? சூடும் கழிவுநீர்ச் சத்தும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிற செடி. விதையோ சேற்றுக்குள் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். அள்ளிச் சுத்தம் செய்த ஏரி மறுபடி பச்சையாவது இதனால்தான்.

கூடை முடையலாம், உரமாக்கலாம் என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் அள்ளும் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். லாரி சுமப்பது பெரும்பாலும் அதைத்தான்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களில் வேறு வழி பார்த்தார்கள். இதே செடியைத் தின்னும் தென் அமெரிக்கக் கூன்வண்டுகளை விட்டார்கள். சில ஆண்டுகளில் களை வெகுவாகச் சுருங்கியது. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ காலத்து வானிலைக்கும் அதில் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் சொல்வதால் மாலையை வண்டுக்கு மட்டும் போட முடியாது. அப்புறம், ஏரிக்குள் சத்து வந்துகொண்டே இருந்ததால் செடியும் திரும்பி வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இதை விற்கவும் வளர்க்கவும் தடை போட்டது. எனக்கு அதுதான் சரியான இடமாகப் படுகிறது. ஏரியில் பரவிய பிறகு துரத்துவதைவிட, தொட்டிக்கு வரும் முன்பே நிறுத்துவது எளிது. ஏற்கெனவே தொட்டியில் வைத்திருப்பவர்கள் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாமல், பூத்து விதை வைக்கும் முன் எடுத்து, வெயிலில் சருகாகும்வரை காயப் போடட்டும். வேர் கொத்தாக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் காயப் போட்டபோது ஒருமுறை புரட்டிவிட வேண்டியிருந்தது.

அடுத்த இதழில் படத்தின் பெயரைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்