250 ஜிபி கார்டுக்கும் 1 டிபி கார்டுக்கும் பெட்டியில் ஒரே வேகம் போட்டிருப்பது குறித்து

வணக்கம்.

லேப்டாப் போர்ட்டில் செருகும் உங்கள் 250 ஜிபி எஸ்எஸ்டி எக்ஸ்பான்ஷன் கார்டைப் பற்றிய புகார் இது. பெட்டியில் "நொடிக்கு 1000 எம்பி வரை" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, உங்கள் 1 டிபி கார்டின் பெட்டியிலும் அதே வரிதான். அது படிக்கும் வேகமா, எழுதும் வேகமா என்று எங்கேயும் சொல்லவில்லை.

நண்பரிடம் 1 டிபி கார்டு இருந்ததால் இரண்டையும் ஒரே லேப்டாப்பில், ஒரே போர்ட்டில் மாற்றி மாற்றிச் செருகி, கிறிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். படிப்பதில் இரண்டுமே 950-ஐ ஒட்டி வந்தன. சரி, 10 ஜிகாபிட் யுஎஸ்பியில் அதற்கு மேல் பெரிதாக வராது. எழுதுவதில்தான் குட்டு உடைந்தது: 1 டிபி கார்டு 900-ஐத் தாண்டுகிறது, என்னுடையது 370. அந்த 370-கூட சோதனை ஃபைல் 1 ஜிபிதான் என்பதால் கிடைத்தது. 60 ஜிபி விர்ச்சுவல் மெஷின் ஃபைலை காப்பி செய்தால் 20 ஜிபி வரை ஒழுங்காகப் போகிறது, அப்புறம் எஸ்எல்சி கேஷ் (கார்டுக்குள் வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிக இடம்) நிரம்பி சடாரென்று 110-க்கு விழுந்து கடைசி வரை அங்கேயே கிடக்கிறது. இந்த வேகத்தைப் பழைய ஹார்ட் டிஸ்க்கே கொடுத்துவிடுமே, அதற்கு எதற்கு எஸ்எஸ்டி?

உங்கள் உதவிப் பிரிவில் போர்ட்டை மாற்றச் சொன்னார்கள், டிரைவரை அப்டேட் செய்யச் சொன்னார்கள், சூடாகியிருக்கும் என்றார்கள். போர்ட் 5 ஜிகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் படிக்கும் வேகமும் 500-க்குள் அடங்கியிருக்க வேண்டும், அது 950 காட்டுகிறது. சூடு என்றால் விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். நன்றாக ஆறவிட்டு ஓட்டினாலும் அதே 20 ஜிபியில்தான் விழுகிறது.

கொள்ளளவு குறைந்தால் உள்ளே ஃபிளாஷ் சிப்புகளும் குறையும், அவற்றை இயக்கும் கன்ட்ரோலரால் ஒரே நேரத்தில் அத்தனை இடங்களில் எழுத முடியாது, கேஷும் சின்னதாகிவிடும். இதை நான் குறை சொல்லவில்லை. பெரிய கார்டின் எண்ணைச் சின்ன கார்டின் பெட்டியில் ஒட்டி விற்றதைத்தான் சொல்கிறேன். "வரை" என்ற ஒரு சொல்லை வைத்துத் தப்பித்துவிடலாம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் 1 டிபி கார்டாக மாற்றித் தாருங்கள், வித்தியாசத்தை நான் கட்டுகிறேன். பெட்டியிலும் ஒவ்வொரு கொள்ளளவுக்கும் எழுதும் வேகத்தையும், கேஷ் நிரம்பிய பிறகு கிடைக்கும் வேகத்தையும் தனியாக அச்சிடுங்கள். இரண்டு கார்டுகளின் சோதனை ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்திருக்கிறேன். பதிலில் மறுபடியும் டிரைவர் லிங்க் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்